நாற்பதில் ஏழு

விடிகாலை ஐந்துக்கு என் திரையில் வந்தாள்
கும்பா சீசே.
அவளுடைய காம்பியாவில் மணி இரவு ஒன்பது,
இன்னும் நேற்று.

மஸ்ஜித் இந்தியா சாலையில்
சேலைக்கடைக்கும் மலிவு விடுதிக்கும் மேலே
நாலாம் மாடி முழுக்கப் பல்கலைக்கழகம்.
மின்தூக்கி மூன்று வரைதான்.
மாணவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம்,
ஒருவரும் இந்தப் படியேறியதில்லை.
பமாகோவில் இருக்கிறார்கள், கானோவில், மொம்பாசாவில்,
சான்சிபாரில் மீன்சந்தைக்குப் பின்னால் ஒருவர்.
நான் தேர்வுக் கண்காணிப்பு. இராப்பணி.
மணிக்குப் பதினோரு ரிங்கிட், தே ஓ இலவசம்.

அறையைக் காட்டச் சொன்னேன்.
கைப்பேசியைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினாள்:
சிமெண்டுச் சுவர், அரிசி மூட்டை,
கொசுவலைக்குள் ஒரு சின்னக் குதிகால்.
"எழ மாட்டான், இன்ஷா அல்லாஹ்."
அறையில் வேறு ஆள் கூடாது என்பது விதி.
குதிகால் ஆளாகுமா என்று
விதியில் எழுதியிருக்கவில்லை.

வாரிசுரிமைத் தாள். முதல் கேள்வி:
ஒருவர் இறந்தார். மனைவி, தாய்,
இரண்டு மகன், ஒரு மகள்.
பங்கிடுக.

இருபதாவது நிமிடம் அங்கே மின்சாரம் போனது.
கறுப்புத் திரையில் மென்பொருள் எண்ணத் தொடங்கியது.
நூற்றெண்பது நொடிக்குள் முகம் தெரியாவிட்டால்
தேர்வு ரத்து.
நூற்று அறுபத்திரண்டில் ஒரு சோலார் விளக்கு,
அதற்குப் பின்னால் பாதி மூக்கு.
பாதி மூக்கை மென்பொருள் ஏற்றுக்கொண்டது.
நானும்.

ஆறுக்கு நாலு நிமிடம் இருக்கையில்
கீழே பள்ளிவாசலில் பாங்கு.
என் ஒலிவாங்கியை மூடியிருக்க வேண்டும் நான்.
கும்பா பேனாவை வைத்தாள், நிமிர்ந்தாள்.
ஒவ்வொரு வரி முடியவும் அவள் உதடு அசைந்தது.
இஷா தொழுது எவ்வளவோ நேரமாகியிருக்கும் அவளுக்கு.
யாருடைய விடியல் இது என்று கேட்கவில்லை.
தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது
என்ற இடத்தில் மட்டும்
கொசுவலைப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

உடனே சிவப்புக் கொடி.
ஐயத்துக்குரிய பேச்சு: ஒன்று.
யாருடன்? என்று ஒரு பெட்டி.
'பாங்குடன்' என்று தட்டினேன், அழித்தேன்.
'என்னுடன்' என்றேன். அதுவும் போனது.
கடைசியில் 'கண்காணிப்பாளர் பிழை'.
மாதத்துக்கு மூன்று பிழைவரை பொறுப்பார்கள்,
இது மூன்றாவது.

ஏழு மணிக்கு விடைத்தாளை
பக்கம் பக்கமாகக் கேமராவுக்குக் காட்டினாள்.
மொத்தம் நூற்றிருபது.
மனைவிக்குப் பதினைந்து, தாய்க்கு இருபது,
மகன்களுக்கு முப்பத்து நான்கு, முப்பத்து நான்கு.
மகளுக்குப் பதினேழு.
பதினேழின் கீழே மட்டும் இரட்டைக் கோடு.
தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி.
எதற்கு என்று கேட்க எனக்கு அனுமதியில்லை.
சலாம் சொன்னாள். திரை அணைந்தது.

தேநீர் ரசீதைத் திருப்பிப் போட்டேன்.
அத்தா போய் ஆறு வருஷம்.
அம்மா, அண்ணன்கள் இருவர், நான்.
எட்டில் ஒன்று அம்மாவுக்குப் போக
மிச்சத்தை ஐந்தாக்கி...
இரண்டு தடவை தப்பாக வந்தது.
அவள் செய்தபடியே செய்தேன்.
நாற்பதில் ஏழு.
கடை முன்னூற்றிருபது சதுர அடி.
என்னுடையது ஐம்பத்தாறு.

இந்த ஐம்பத்தாறுக்குப் பதிலாக
ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரு பாஜு கூரோங் துணி,
கேட்காமலே, நல்ல துணிதான்.

ஹஜ்ஜுக் காலம்.
பெரியண்ணன் சீக்கிரமே ஷட்டரைத் தூக்கிவிட்டார்.
இஹ்ராம் துணிக் கட்டு, அத்தர் பெட்டி, சொங்கோக் அடுக்கு.
"வேலை முடிஞ்சுதா? நாசி லெமாக் இருக்கு, சாப்பிடு" என்றார்.
செருப்பைக் கழற்றினேன்.
சொங்கோக் அடுக்கில் குதிகாலை ஒட்டி வைத்து
அடிமேல் அடியாக நடந்தேன்.
ஏழாவது அடி
கல்லாப்பெட்டியில் இடித்தது.

"என்ன தேடுற?"
பிறகு சிரித்துக்கொண்டே,
"ராத்திரியெல்லாம் ஆப்பிரிக்காக்காரங்களுக்கு
என்னதான் சொல்லிக்குடுக்குறீங்க அங்கே?"

நான் திரும்பினேன்.
குறுக்கே இன்னும் எட்டு இருந்தது.